நிறம் விழாத தெருக்கள்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. நீரில் மூழ்கிய தெருக்களை மக்களே இணைய வரைபடத்தில் குறித்து வைத்த நாட்கள் அவை. அத்தகைய குறிப்புகளைப் புள்ளிகளாக்கி, கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் வெப்பப்படமாக மாற்றிப் பார்க்க நாம் பின்னாளில் கற்றுக்கொண்டோம்.

தமிழ் படித்த நமக்கு அது உரையெழுதும் வேலையாகவே தோன்றியது. ஒவ்வொரு புள்ளியும் எத்தனை மீட்டர் ஆரத்துக்குப் பரவ வேண்டும் என்பதை நாம்தான் தருகிறோம். ஆரம் சிறிதானால் தெருக்கள் தனித்தனியே ஒளிரும். பெரிதானால் ஊரே ஒரு செம்பிழம்பாகிவிடும். மூலம் ஒன்றே, பொருள் வேறாகிவிடுகிறது.

அச்சிவப்பு நீரின் ஆழத்தைக் காட்டுவதாக எண்ணிவிடலாகாது. அது குறித்தவர்களின் நெருக்கத்தையே காட்டுகிறது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன தெரு, படத்தில் உலர்ந்த தெருவாகவே நிற்கும். நிவாரணப் படகோ சிவப்பை நோக்கித்தான் செல்லும்.

ஆகவே வண்ண அடுக்கைப் பாதி ஊடுருவித் தெரியுமாறு மாற்றுகிறோம். புள்ளியே இல்லாத இடத்துக்குரிய நிறத்தை முற்றிலும் நீக்கிவிடுகிறோம். இல்லையேல் அந்த வெண்மை அடியிலுள்ளதையெல்லாம் மூடிவிடும். இப்போது ஆற்றின் போக்கும் ஏரிகளின் கரையும் மேலெழுகின்றன. ஆற்றை ஒட்டியிருந்தும் நிறம் விழாத தெருக்கள் சில கண்ணில் படுகின்றன. முதலில் விசாரிக்க வேண்டியது அங்கேதான்.