எட்டாவது வெந்நீரூற்று

கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு என்பது திருகோணமலையார் யாவரும் அறிந்ததே. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு நீராடித் திரும்பும் வழியில், நாம் எட்டாவது ஊற்றையும் கண்டோம். அது எமது மோட்டார் வண்டியின் முன்மூடிக்குள்ளிருந்து ஆவியாகக் கிளம்பியது. "அப்பா, இதுதான் எல்லாத்தையும் விடச் சூடு!" என்று மகள் சிரித்தாள். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி, தந்தையார் விட்டுச் சென்ற 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அதில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. ஆவி எழுந்த பின்னரே செய்தி கிடைக்கும். சில வாரங்களாக ரேடியேட்டரில் நீர் குறைந்து வந்ததை நாம் அறிவோம். நிலத்தில் ஒரு சொட்டு ஈரமும் காணாமையால், காலைதோறும் ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டுக் கல்லூரிக்குப் புறப்பட்டுவிடுவோம்.

மறுநாள் கராஜ் ஒன்றில், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார்கள். உட்புறத்தில் தயிராடை போல் வெண்மை படிந்திருந்தது. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினின் தலையைக் கழற்றவேண்டும்" என்று தீர்ப்பாயிற்று. கேட்ட தொகையோ எமது மாதச் சம்பளத்தை மிஞ்சியது. மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்த பணத்தில் கை வைப்பதா, தந்தையாரின் வண்டியை வந்த விலைக்கு விற்பதா என்று இரண்டு இரவுகள் வீட்டில் பேச்சு நடந்தது.

கேஸ்கட் என்பது எஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே இறுக்கப்பட்ட மெல்லிய தகடு. எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதுவே. அது பழுதுற்றால் நீர் எண்ணெயிற் கலக்கலாம். வாயு நீரிற் புகலாம். ஆகவே வெண்மையைக் கண்டவுடன் ஐயுறுவது பிழையன்று. ஐயத்தையே முடிவாகக் கொள்வதுதான் பிழை.

இதை எமக்குக் கற்பித்தவர் உட்துறைமுக வீதிப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவர். அவருடைய தந்தையார், 1957இல் பிரித்தானியர் விட்டுச் செல்லும்வரை கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். முதியவர் கருவியைத் தொடுமுன் கேள்வி கேட்டார். "மாஸ்டர், நாளாந்தம் எவ்வளவு தூரம் ஓடுறியள்?"

"ஒரு மைல் இருக்கும்."

"அப்ப எஞ்சின் நல்லாச் சூடாகாது. சோத்துப் பானை மூடியில வேர்க்கிற மாதிரி இதுவும் வேர்க்கும்."

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெயில் பால் நிறம் இல்லை. பின்பு, எஞ்சின் நன்கு ஆறியிருந்தபோது ரேடியேட்டரைத் திறந்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டார். கேஸ்கட் வழியே வாயு புகுந்திருந்தால் அசையாத நீரில் குமிழி எழும். எழவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர்களின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளந்தார். அடுத்தடுத்த இரண்டு மட்டும் தாழ்ந்திருந்தால் நடுவே கேஸ்கட் கிழிந்திருக்கலாம். நான்கும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

இறுதியாகக் கைப்பம்பியொன்றை ரேடியேட்டரின் வாயில் பொருத்தி அழுத்தம் கொடுத்தார். நீர்ப் பம்பியின் அடியிலிருந்த சிறு துளையில் ஈரம் துளிர்த்தது. வண்டி ஓடும்போது அது விசிறிக் காற்றில் சிதறி, சூட்டில் உலர்ந்துபோயிருக்கிறது! பம்பியை மாற்றியதோடு நோய் தீர்ந்தது. தலை தப்பியது, எஞ்சினின் தலையும் எமது தலையுந்தான்.

வீடு திரும்பும் வழியில் மாணவன் ஒருவனின் நினைவு வந்தது. முதற்பாடத்தில் நாள்தோறும் தூங்கி வழிபவன். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் 'சோம்பல் மிக்கவன்' என்று எழுதி வைத்திருந்தோம். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மறுநாள் கேட்டோம். தலை குனிந்தவாறே சொன்னான்: "இரவில அப்பாவோட கடலுக்குப் போறனான் சேர். அவருக்குத் தனியா வலை இழுக்க ஏலாது."

அறிக்கை இன்னும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினோம்.