மறுநாள் காலை வந்த டாக்டர்

கடல் கடந்த மடல்
பார்னவெல்ட், நெதர்லாந்து



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் எருமப்பட்டியிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து ஒரு வாரமாகிறது. எந்தக் குரூப் எடுப்பது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். பயாலஜி எடுத்து டாக்டருக்குப் படி என்கிறான் அண்ணன். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் நல்லது என்கிறார் அண்ணி. அவள் என்னிடம் கேட்டது வேறு: "அத்தை, மாட்டு டாக்டருக்குத்தான் படிக்கோணும்னு நீங்க எப்ப முடிவு பண்ணுனீங்க?"

போனில் ஏதோ சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1991, ஐப்பசி. எனக்குப் பதினொரு வயது. கொல்லிமலைப் பக்கம் மின்னிக்கொண்டே இருந்த ஒரு ராத்திரி, எங்கள் கட்டுத்தரையில் எருமை கன்று போட முடியாமல் தவித்தது. பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டது. முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன, தலையைக் காணோம். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்தார். கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்தார் டாக்டர். "ஆட்டாமப் புடி கண்ணு."

சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கன்றின் தலை பின்பக்கம் மடங்கியிருந்தது. எருமை முக்கும்போது சும்மா இருந்தார். அது மூச்சு வாங்கும்போது கன்றை உள்ளே தள்ளி, தலையை மெல்லத் திருப்பினார். பிறகு கால்களில் கயிறு கட்டி, எருமை முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுக்கச் சொன்னார். அப்பாவும் சித்தப்பாவும் இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசையவில்லை. டாக்டர் அதன் மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டு, கூரையிலிருந்து ஒரு வைக்கோலை உருவி மூக்குக்குள் விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று தடவை. கன்று தும்மியது.

அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் கேட்ட பிறகு யோசித்துப் பார்த்தேன். காரணம் அதுவல்ல. மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே அந்த டாக்டர் மறுபடி வந்தார். நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா, கன்று சீம்பால் குடித்ததா என்று கேட்டார். எருமையின் முதுகில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ராத்திரி பார்த்தது வியப்பு. காலையில் பார்த்ததுதான் தொழில். இந்த ஆள் மாதிரி ஆகவேண்டும் என்று நினைத்தது அந்தக் காலையில்தான்.

எங்களைச் சுற்றித் தொழிலுக்கா பஞ்சம்? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க போர் போடப் போகின்றன. ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள். 1989ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். முட்டை எங்கிருந்து வருகிறது என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அப்போது ஒரு கோழிப்பண்ணையும் என்னை இழுக்கவில்லை. தொழில் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதை விரும்பிச் செய்யும் ஒரு ஆளைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

1998ல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். 1985ல் தொடங்கிய கல்லூரி, மோகனூர் சாலையில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் படிப்பதல்லவா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கல்லூரி இருக்கும் அந்தச் சாலை போய்ச் சேரும் மோகனூரில்தான் 1888ல் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பிறந்தார். அவர் அப்பா போலீஸ்காரர். மகன் தாசில்தார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். இரண்டிலும் நிலைக்காமல் ஓவியத்துக்குப் போனார். 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்கள் பாடிக்கொண்டு போனது அவர் எழுதிய பாட்டை. 1949ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த நாளில் இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்? பதினைந்து வயதில் எடுக்கும் குரூப்தான் ஒருவரின் தலையெழுத்து என்று நம் வீடுகளில் பயப்படும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

என் பாதையும் ஒரு தடவை திரும்பியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல் கோழிகளுக்கு நோய் இல்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது, வாங்க ஆளில்லை. நான் அப்போது ஒரு பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அட்டை அட்டையாக அடுக்கியிருந்த முட்டைகளுக்கு நடுவில், வயதான பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார்: "கோழிக்கு ஒண்ணுமில்லைங்கறத சனங்களுக்கு எப்படிங்க புரிய வெக்கறது?" என்னிடம் பதில் இல்லை. பறவை நோய்களைப் படிக்கக் கிளம்பியது அந்தக் கேள்வியோடுதான்.

இப்போது நான் இருக்கும் பார்னவெல்ட்டை இந்த நாட்டின் நாமக்கல் என்று சொல்லலாம். பழுப்பு முட்டை இடும் பார்னவெல்டர் கோழிக்கு இந்த ஊரின் பேர்தான். கோழிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் முட்டையை எப்படி ஏலம் விட்டார்கள் என்று அங்கே நடத்திக் காட்டுகிறார்கள். 2003ல் இந்தப் பகுதியைப் பறவைக் காய்ச்சல் தாக்கியது. நாடு முழுக்க சுமார் 3 கோடிப் பறவைகளை அழித்தார்கள். நோய் தொற்றி ஒரு கால்நடை மருத்துவர் இறந்தார். என்னோடு வேலை செய்யும் பெண் அப்போது பள்ளி மாணவி. கோழியே இல்லாத கொட்டகையைத் தன் அப்பா தினமும் கூட்டிச் சுத்தம் செய்ததைப் பார்த்திருக்கிறாள். "அதனால்தான் இதைப் படித்தேன்" என்றாள். மொழி வேறு, மதம் வேறு. ஆனால் எங்கள் இருவர் கதையும் ஒன்றுதான். நஷ்டத்திலும் தன் வேலையைக் கைவிடாத ஒருவரை இருவருமே கண்ணால் பார்த்திருக்கிறோம்.

நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளை நினைத்து எனக்கு வருத்தம் வருவதும் இதனால்தான். விடிகாலையில் எழுப்பி ராத்திரிவரை படிக்க வைக்கிறார்கள். மார்க் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற அந்த இரண்டு வருடங்களில் வாத்தியார்களைத் தவிர வேலை செய்யும் ஒரு மனுசரைக்கூட அந்தப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. ஆப்பரேஷன் முடித்துக் கை கழுவும் டாக்டரையோ, வெங்காயப் பட்டறையைப் பிரித்துப் பார்க்கும் விவசாயியையோ பார்க்காத பிள்ளையிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், அது மார்க்கைத்தானே சொல்லும்?

அண்ணன் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஒரு நாள், ஒரே நாள், யாராவது வேலை செய்வதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார். கால்நடை மருத்துவமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நாமக்கல்லில் அவள் தாய்மாமனுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. அண்ணன் முதலில் தயங்கினான். பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்றான். பிறகு அவனே கொண்டுபோய் விட்டான்.

நேற்று ராத்திரி போன் வந்தது. கேபின் இல்லாத வெறும் சேஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வந்து நிறுத்திய டிரைவரைப் பற்றிச் சொன்னாள். அது லாரியாவதற்கு எத்தனை பேர் கை வைக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறாள். எல்லோரையும்விட அவளைப் பிடித்து வைத்தவர் பெயிண்டர். சாக்பீஸ் தடவிய நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டாராம். ஒரு 'ழ' சரியாக வளையவில்லை என்று, யாரும் குறை சொல்லாதபோதே துடைத்துவிட்டு மறுபடி எழுதினாராம். எந்த எழுத்து எங்கே வளைந்தது என்று பத்து நிமிடம் சொன்னாள். எந்தக் குரூப் என்ற பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வைக்கப் போகும்போது சொன்னாள்: "அத்தை, நாளைக்கும் வரட்டுமான்னு மாமாகிட்டக் கேட்டுருக்கேன்."