ஹெத்தல்: பழைய காருக்குப் புது நரம்பு!

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் நார்விச். அங்கிருந்து தென்மேற்கே 10 கிலோமீட்டர் சொச்சம் போனால் ஹெத்தல். பக்கத்து ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘வைமாண்ட்ஹாம்’ என்று வரும். ஊர்க்காரர்களுக்கு அது ‘விண்டம்’!

ஹெத்தல் சின்ன கிராமம்தான். பழைய தேவாலயம், வயல்கள், வேலியோரப் பாதைகள். ஆனால், உலகம் முழுக்க ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு இந்தப் பெயர் அத்துப்படி. லோட்டஸ் கார்களின் ஊர் இது.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் இங்கே விமானத்தளம் இருந்தது. 1943 முதல் அமெரிக்காவின் 389-வது குண்டுவீச்சுப் படைப்பிரிவு இங்கிருந்துதான் ‘லிபரேட்டர்’ விமானங்களை ஓட்டியது. போர் முடிந்தது, ஓடுபாதை சும்மா கிடந்தது. கார் தயாரிக்க இடம் தேடிய காலின் சாப்மன் 1966-ல் லோட்டஸ் நிறுவனத்தை இங்கே கொண்டுவந்தார். விமானம் ஓடிய பாதையின் ஒரு பகுதி, கார்களைச் சோதித்துப் பார்க்கும் தடமானது.

எளிமையாகச் செய், எடையைக் குறை. இதுதான் சாப்மனின் வழி. அவர் 1982-ல் இறந்த பிறகும் அந்த வழி மாறவில்லை. 1996-ல் விற்பனைக்கு வந்த ‘எலிஸ்’ அதற்குச் சாட்சி. அப்போதைய தலைவர் ரோமானோ ஆர்ட்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயரால் வந்த கார் அது. அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்த அடிச்சட்டம் 68 கிலோதான். முழு காரே சுமார் 725 கிலோ. நம் மாருதி 800-ஐ விடக் கொஞ்சம்தான் கூடுதல். 2021-ல் தயாரிப்பை நிறுத்தியபோது 35,000-க்கும் மேற்பட்ட எலிஸ்கள் வெளிவந்திருந்தன.

இனி புதிதாக ஒன்று வராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் காப்பாற்றும் வேலையில் முக்கியமான ஒன்று, கியர் கேபிள் மாற்றுவது.

எதற்குக் கேபிள்?

ஜீப்பில் கியர் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் தலையிலேயே நிற்கும். எலிஸில் இன்ஜினும் கியர்பாக்ஸும் இருக்கைக்குப் பின்னால். லீவரோ ஓட்டுபவரின் கைப்பக்கம். இரண்டையும் இணைப்பவை இரண்டு கேபிள்கள். ஒன்று, லீவரின் இட வல அசைவைக் கொண்டுபோகும். இன்னொன்று, முன் பின் அசைவை. பஜாஜ் சேத்தக் ஓட்டியவர்களுக்கு இது புரியும். இடது கைப்பிடியைத் திருகினால் கியர் மாறியதும் இரண்டு கேபிள்களின் உபயம்தான்.

உறைக்குள் வழுக்கி ஓடும் கம்பிதான் கேபிள். வருடக்கணக்கில் ஓடும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு தேயும். புகைக்குழாயின் சூடு அதை இளக்கும். முனையில் இருக்கும் ரப்பர் கிழிந்தால் தண்ணீர் புகுந்து துரு ஏறும். காலைக் குளிரில் லீவர் மரக்கட்டைபோல இறுகும், இரண்டாவது கியர் அடம்பிடிக்கும், ரிவர்ஸ் விழாது. அப்படியே ஓட்டினால், ஒருநாள் நடுரோட்டில் கேபிள் அறுந்து எந்தக் கியரும் விழாமல் கார் நின்றுவிடும்.

கோளாறு கேபிளிலா, கியர்பாக்ஸிலா? அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, கியர்பாக்ஸ் முனையில் கேபிள்களைக் கழற்றி, லீவரை ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். இதைச் சோதிக்காமல் கியர்பாக்ஸையே இறக்கினால் செலவு பல மடங்கு.

பாவாடை நாடா கோர்ப்பதுபோல!

முதலில் கார் ஆற வேண்டும். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. எலிஸின் தரைத்தகடு மெல்லியது என்பதால், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டுமே ஜாக்கி வைக்கலாம்.

கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கேபிள் முனையில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால் பிறகு சரிசெய்வது சுலபம். பழைய கேபிளின் ஒரு முனையில் உறுதியான நூலைக் கட்டி, மறுமுனையிலிருந்து உருவ வேண்டும். கேபிள் வெளியே வரும். வந்த வழியில் நூல் நிற்கும். அந்த நூலில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால், காருக்குள் மறைந்திருக்கும் வளைவுகள் வழியாகத் தானே போய்ச் சேரும். பழைய நாடாவில் புது நாடாவை முடிந்து பாவாடையில் கோர்க்கும் அதே வித்தை!

புதுக் கேபிள் மடங்கக் கூடாது. சூடான புகைக்குழாயைத் தொடக் கூடாது. கடைசியில் நியூட்ரலில் வைத்து அளவு சரிசெய்து, இன்ஜினை அணைத்தபடியே ஒவ்வொரு கியரும் ரிவர்ஸும் முழுதாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் சாலை.

ஊரில் பார்க்க...

லோட்டஸ் தொழிற்சாலைக்கு முன்பதிவு இல்லாமல் போய் நிற்பதில் பயனில்லை. விமானப்படையினர் பயன்படுத்திய சிற்றாலயத்தை மீட்டெடுத்து, அவர்களின் நினைவுக் காட்சியகமாக்கியிருக்கிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் திறந்திருக்கும்; விசாரித்துவிட்டுப் போகலாம்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு முள்மரம் நிற்கிறது. ‘ஹெத்தல் ஓல்டு தார்ன்’ என்று பெயர். வயது 700-க்கு மேல் என்கிறார்கள். நார்ஃபோக் வனவுயிர் அறக்கட்டளையின் ஆகச்சிறிய காப்பிடம் இந்த ஒற்றை மரம்தான். தண்டு பிளந்து, கிளை சாய்ந்து, இன்னும் துளிர்க்கிறது. காரும் மரமும் ஓடுபாதையும் பழையதாகிவிட்டன என்பதற்காக இந்த ஊரில் யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை!