பனிக்குள் ஒரு பள்ளிவாசல்



நோன்பு வந்தால் முகநூலில் ஒரு படம் சுற்றும். வெண்பனிக்கு நடுவே நீல நிறப் பள்ளிவாசல். ரஷ்யாவின் நொரில்ஸ்க் நகரில் 1998இல் திறக்கப்பட்டது. உலகின் வடகோடியிலுள்ள பள்ளிவாசல்களுள் ஒன்று. நாமும் 'மாஷா அல்லாஹ்' எழுதி, ஷெயார் பண்ணிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

இம்முறை தரம் 10 பிள்ளையொன்று கேட்டது: "சேர், அவ்வளவு குளிருக்குள்ள ஏன் போய் ஊர் கட்டினாங்க?"

நிக்கலுக்காக. 1935இல் ஸ்டாலின் காலத்துக் கைதிகளைக் கொண்டு தொடங்கிய சுரங்க நகர் அது. பிறகு அசர்பைஜான், தாகெஸ்தான் என்று தூர இடங்களிலிருந்து நம் சகோதரர்களும் தொழில் தேடிப் போனார்கள். உலகப் படத்தில் அந்த இடத்தில் ஒரு முக்கோணம் போட்டு 'நிக்கல்' என்று எழுதச் சொல்லித்தான் இத்தனை வருடமும் படிப்பித்தோம். முக்கோணத்தைச் சுற்றி என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. நாமே தேடவுமில்லை.

இப்போது தேடி வாசித்தோம். உருக்காலைகளின் கந்தகப் புகையால் நகரைச் சுற்றியுள்ள காடுகள் பட்டுப்போய் நிற்கின்றன. 2020 மே 29 அன்று மின்நிலையத்தின் எண்ணெய்த் தாங்கி உடைந்து ஏறத்தாழ 21,000 தொன் டீசல் கொட்டியது. அம்பர்னாயா ஆறு சிவந்து ஓடியது. மீனையும் கலைமானையும் நம்பி வாழும் பூர்வீக மக்களின் பூமி அது. நிலத்தடி உறைபனி உருகியதுதான் காரணம் என்றது கம்பனி. தாங்கியின் அடித்தளத்திலேயே குறைபாடு இருந்தது என்றது அரச விசாரணை. 14,600 கோடி ரூபிள் தண்டம் கட்டினார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்க முடியாது. வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் பல்லேடியம் உலகச் சுரங்க உற்பத்தியில் ஏறத்தாழ 40 வீதம் இந்தக் கம்பனியுடையது. நம் தெருக்களின் காற்று சுத்தமாக இருக்க, அங்கே காற்று கெடுகிறது.

"அப்ப அந்த ஊர மூடணுமா சேர்?" என்றது பிள்ளை.

சட்டென்று பதில் வரவில்லை. எத்தனையோ குடும்பங்களின் சோறு அது. பிறகு சொன்னோம்: "மூடணும்னு இல்ல மகன். தாங்கி உடைஞ்ச பிறகு தண்டம் கட்டுறதுக்கு முதல், தாங்கிய ஒழுங்காப் பார்த்திருக்கணும். பூமி நமக்கு அமானிதம்."

அடுத்த நோன்புக்கும் அந்தப் படம் வரும், இன்ஷா அல்லாஹ். ஷெயார் பண்ணுவோம். கூடவே அந்த ஆற்றின் பெயரையும் எழுதுவோம்.