எங்க வீட்டு லாரா!

‘லாரா’ என்றதும் கிரிக்கெட் ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். 1994-ல் 375, 2004-ல் 400 நாட் அவுட் என்று விளாசித் தள்ளினாரே, அந்த பிரையன் லாரா அல்ல. வேறு மாதிரி கற்பனை செய்துகொண்டு நிமிர்ந்தவர்களும் தயவுசெய்து சாய்ந்துகொள்ளவும். நான் சொல்வது ஸ்கோடா லாரா. 2008 மாடல். டீசல். ஆட்டோமேட்டிக் கியர்.

இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, அவரால் என் குடும்பத்தில் ஒரு ராத்திரி சாப்பாடு கிடைக்காமல் போனது. 2021-ல் ஒரு நாள், கொல்லைப்புறத்தில் நின்று ஆபீஸ் நண்பனிடம் ரகசியமாகப் போன் பேசிக்கொண்டிருந்தேன். “மாப்ளே, லாராவை முடிவு பண்ணிட்டேன்டா. செலவு வைக்கும்தான். இருக்கட்டும். நாளைக்கு கோயம்புத்தூர் போய்க் கூட்டிட்டு வந்துடலாம். வீட்ல இன்னும் சொல்லலை...”

திரும்பினால், பின்னால் தோசைக் கரண்டியோடு என் மனைவி.

கார் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கார் என்று புரிந்த பிறகு கோபம் இன்னும் அதிகமானது. “பதிமூணு வருஷப் பழைய டீசல் வண்டிக்கு ரெண்டேகால் லட்சமா? அதுக்கு அந்த லாராவே தேவலையே!”

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். குடியிருப்பது சின்னாளப்பட்டி. மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் காந்திகிராமம், தள்ளி சிறுமலை. சுங்குடிச் சேலை என்றால் உங்கள் வீட்டுப் பெண்களுக்கே தெரியும். இந்த ஊரிலிருந்து ஆபீஸ் போக டவுன் பஸ் உண்டு. என்னிடம் டூவீலரும் உண்டு. பிறகு எதற்கு, டாக்டர்களும் மில் முதலாளிகளும் ஓட்டிக் கழித்த எக்ஸிகியூட்டிவ் கார்?

ஆபீஸிலும் இதே கேள்விதான். “யானையை வாங்கிடலாம் மாப்ளே, கரும்பு யார் போடுவா?” என்றான் கேஷியர். மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போய், “சம்பளம் அதிகமா குடுத்துட்டோமோ?” என்று யோசிக்க ஆரம்பித்தார்.

யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. என் அப்பாவின் இடது கால்.

அப்பா பதினாலு வயசில் குழித்தறியில் இறங்கியவர். பதினைந்து வருஷம் மிதித்தார். தறி சோறு போடாத காலம் வந்ததும், 1984-ல் ஒரு சேலை வியாபாரியிடம் டிரைவராகச் சேர்ந்தார். டீசல் அம்பாசடர். ஸ்டியரிங் பக்கத்தில் கை கியர். அந்தக் கிளச்சை மிதிக்கிறவனுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையில்லை. திருச்சி, சேலம், மெட்ராஸ் என்று முப்பது வருஷம் சேலை மூட்டைகளோடு சுற்றினார். 2014-ல் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதே வருஷம் அப்பாவின் இடது முழங்காலும் வேலைநிறுத்தம் அறிவித்தது. “தேஞ்சு போச்சு. கிளச் மிதிக்கிற வேலையே வேணாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

ஏழு வருஷம் கழித்து ஒரு நாள், அவர் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையில் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. புதுப்பித்த லைசென்ஸ்! மருத்துவச் சான்றிதழ் வாங்கி, திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தனியாக பஸ்ஸில் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓட்ட வண்டியில்லை, மிதிக்கக் காலில்லை. எதற்கு?

“எதுக்குப்பா?” என்று கேட்டேன்.

“சும்மாதான்டா. பையில கனமா இருந்தா நல்லாருக்கு.”

அந்த ராத்திரிதான் நான் ‘பழைய ஆட்டோமேட்டிக் கார்’ என்று தேட ஆரம்பித்தேன். புதுசு வாங்க வழியில்லை. சின்ன வண்டியில் உட்கார்ந்து எழ அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்காது. கடைசியில் மாட்டியது லாரா.

கோயம்புத்தூரிலிருந்து நானே ஓட்டி வந்தேன். கிளச் இல்லாத வண்டியில் இடது காலுக்கு வேலை கிடையாது. ஆனால், அந்த விஷயத்தை என் இடது காலுக்கு யாரும் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. பழக்க தோஷத்தில் இடது கால் ‘கிளச்’சை ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக்! வண்டி குத்துக்கல்லாக நின்றது. பக்கத்து சீட் நண்பன் டேஷ்போர்டைக் கும்பிட்டான். பின்னால் வந்த தக்காளி லாரிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த வைபவம். இன்ஜினை அணைத்தேன். சாவி வரவில்லை. இழுக்கிறேன், திருகுகிறேன், கெஞ்சுகிறேன்... ஊஹும். தெருவே கூடிவிட்டது. “சோப்பு போட்டுப் பாரு தம்பி” என்று ஒரு யோசனை வேறு.

கைத்தடியோடு அப்பா வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். “அந்தக் குச்சியை ‘பி’க்குத் தள்ளுடா.”

தள்ளினேன். சாவி வெண்ணெய் மாதிரி வந்தது.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“பி-ன்னா பார்க்கிங்தானே? வண்டியை நிறுத்திட்டேன்னு நீ சொன்னாத்தானே அது சாவியைக் குடுக்கும்?”

ஆனால், ஓட்டிப் பாருங்கள் என்றால் மட்டும் மாட்டேன் என்றார். “கிளச் இல்லாம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா? அது வண்டி இல்லடா, ஊஞ்சல்.”

அங்கேதான் நான் மடக்கினேன். “கிளச் இல்லைன்னு யாருப்பா சொன்னது? இதுல ரெண்டு கிளச் இருக்கு!”

உண்மைதான், சார். இந்த வண்டியில் இருக்கிற கியர்பாக்ஸுக்கு டி.எஸ்.ஜி. என்று பெயர். 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி ஒரு கோல்ஃப் காரில் முதலில் போட்டு விற்றது. பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கோடாவுக்கும் வந்தது. ஆறு கியர். 1, 3, 5 ஒரு கிளச்சின் பொறுப்பு. 2, 4, 6 இன்னொன்றின் பொறுப்பு. மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே, நாலாவது உள்ளே விழுந்து தயாராகக் காத்திருக்கும். நேரம் வந்ததும் ஒரு கிளச் விட, மறு கிளச் பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. மிதிப்பது நம் கால் இல்லை. எண்ணெய் அழுத்தமும் ஒரு கம்ப்யூட்டரும்.

பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது தறிடா” என்றார்.

“என்னப்பா?”

“குழியில ரெண்டு மிதி இருக்கும். இதை மிதிச்சா பாதிப் பாவு மேல போகும், நாடா ஓடும். ஓடி முடியறதுக்குள்ள அடுத்த கால் தயாரா நிக்கணும். இது விடும்போது அது பிடிக்கணும். நடுவுல இடைவெளி விழுந்தா சேலை கெட்டுடும். இதைக் கண்டுபிடிச்சது யாரு, நெசவாளியா?”

நெசவாளி இல்லை. இந்த இரட்டைக் கிளச் யோசனையை 1930-களிலேயே சொன்னவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ஒரு காலத்தில் ரஷ்ய ஜார் மன்னரின் கார்களைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு வண்டியும் ஓட்டியவர். இதைச் சொன்னதும் அப்பா முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே! “அப்படிச் சொல்லு. டிரைவருக்குத்தான்டா காலோட வலி தெரியும்.”

அப்போதும் அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இதற்குள் லாரா தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. இரண்டாவது கியருக்கு மாறும்போது ஒரு உதை. முரட்டு மாடு மாதிரி. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “கியர்பாக்ஸை எறக்கணும் சார். ஒண்ணரை லட்சம் ரெடி பண்ணிக்குங்க.” எனக்குக் கால் நடுங்கியது, இரண்டு காலும். வண்டி விலையே ரெண்டேகால்! வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

அப்பாதான் கேட்டார். “இதுக்கு எண்ணெய் எப்ப மாத்தினது?”

சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். இந்த ஈரக் கிளச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். வண்டி ஓடியிருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மாற்றியதற்கான பதிவு ஒன்றுகூட இல்லை.

“தறி இறுகினா முதல்ல எண்ணெய் போட்டுப் பாக்கணும். எடுத்ததுமே தறியை விக்கிறவன் உருப்பட மாட்டான்” என்றார் அப்பா.

மதுரையில், இந்த வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அஞ்சு லிட்டருக்கு மேல் பழைய எண்ணெய் கறுப்புக் காபியாக இறங்கியது. புது எண்ணெய், புது ஃபில்டர், கம்ப்யூட்டரை மாட்டிச் சரிபார்த்தது எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம். உதை நின்றுவிட்டது. ஒண்ணரை லட்சத்தையும் பதினாறாயிரத்தையும் கழித்துப் பார்த்தேன். கணக்கு எழுதுகிற நான் கேட்க மறந்த கேள்வியை, எட்டாவதோடு நின்ற அப்பா கேட்டிருக்கிறார். (பழைய ஆட்டோமேட்டிக் வாங்க நினைக்கும் நண்பர்களே, பெயின்ட்டைத் தடவிப் பார்க்காதீர்கள். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்!)

மெக்கானிக் சாவியை நீட்டியபோது நான் கை நீட்டினேன். அதற்கு முன்னால் அப்பாவின் கை நீண்டிருந்தது.

“நானே ஓட்டிப் பாக்கறேன். எண்ணெய் ஒழுங்கா போட்டிருக்கானான்னு தெரியணும்ல?”

நான் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். வலது கால் பிரேக்கில், குச்சி ‘டி’யில். பிரேக்கை விட்டதும் வண்டி தானாக நகர்ந்தது. அப்பா ஒரு கணம் திடுக்கிட்டார். அப்புறம் சிரித்தார். நாலு வழிச்சாலை வந்தது. பாண்டியராஜபுரம், கொடை ரோடு... இன்ஜின் ‘கடகட’ என்று டீசல் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது. ஏழு வருஷமாக ஓட்டாதவர் மாதிரியே தெரியவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசு. கண்ணாடி ஏற்றியிருந்ததே, எப்படித் தூசு என்று நீங்கள் கேட்கக் கூடாது.

அம்பாத்துரை நெருங்கும்போது குனிந்து பார்த்தேன். அப்பாவின் இடது கால் மூலையில், செருப்பைக் கழற்றிவிட்டு, நீட்டிப் படுத்திருந்தது.

“கால் வலிக்குதாப்பா?”

“இல்லடா. நாப்பத்தஞ்சு வருஷத்துல இப்பத்தான் அதுக்கு லீவு.”

2023-ல் பதினைந்து வருஷம் முடிந்து, ஐயாயிரம் ரூபாய் கட்டணத்தோடு இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தோம். வண்டிக்கும் லைசென்ஸ், அப்பாவுக்கும் லைசென்ஸ். லிட்டருக்குப் பதினாலு கொடுக்கிறது. கேஷியர் இப்போது கரும்பு பற்றிப் பேசுவதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வண்டி கேட்டான்.

எனக்குத்தான் வண்டி கிடைப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வாசலைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

“லாரா எங்கடீ?” என்று பதறினேன்.

மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: “விடியக்காலமே மாமாவோட ஓடிப் போயிட்டா!”