இடப்பக்கக் கண்ணாடி

நம் நாட்டுச் சாலைகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை நேர் எதிரே நின்று உற்று நோக்குங்கள். ஓட்டுநர் அமரும் வலப்பக்கத்துக் கதவின்மேல் சிறு கண்ணாடி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கத்துக் கதவோ பெரும்பாலும் வெறுமையாயிருக்கும். ஒரு காதில் மட்டும் தோடணிந்த மூதாட்டியைப் போன்ற இத்தோற்றம் நம் கண்களுக்கு மிகவும் பழகிவிட்டமையால், அதை ஒரு குறையென எவரும் எண்ணியதில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் பிறந்து, 2014 மே மாதத்தில் தயாரிப்பு நின்றுபோன இந்தக் கார், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வொற்றைக் கண்ணாடியோடே கழித்தது. பம்பாயின் பிரீமியர் பத்மினிக்கும் சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பெரும்பாலும் அதுவே நிலை.

சிக்கனம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாலையின் இடப்பக்கமாகச் செல்லும் நாட்டில், பின்னால் வரும் வண்டி நம்மை முந்துவது வலப்பக்கமாகத்தான். ஆகவே ஆபத்து வலப்புறமிருந்தே வரும். இடப்புறத்தில் இருப்பவை புளியமரமும் மைல்கல்லும். அவை ஓடிவந்து மோதப்போவதில்லை. மேலும், இடப்பக்கத்துக்கென அந்நாள்களில் ஓர் ஆள் இருந்தார். லாரியென்றால் கிளீனர்: தலையை வெளியே நீட்டி, தகரத்தை உள்ளங்கையால் தட்டி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பார். பேருந்தென்றால் நடத்துநரின் விசில். காரென்றால் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவர். கண்ணாடி இல்லாத இடத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

கண்ணாடியின் வரலாறும் இதையே சொல்கிறது. கார் ஓட்டுவதில் இங்கிலாந்தில் பெயர் பெற்ற டாரதி லெவிட் என்னும் பெண்மணி, 1909-இல் வெளிவந்த ‘பெண்ணும் காரும்’ என்ற தம் நூலில், பெண் ஓட்டுநர்கள் சிறு கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்திருந்து, அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை கூறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1911 மே 30 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நடந்த முதல் ஐந்நூறு மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் என்பவர் தம் காரில் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஓட்டி வெற்றியும் பெற்றார். பந்தயக் காரில் ஓட்டுநருக்கு அருகே ஒரு மெக்கானிக் அமர்ந்து, பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்வது அன்றைய வழக்கம். ஹாரூனின் காரிலோ இருக்கை ஒன்றே. உடன் ஆளில்லாமல் வருவது ஏனையோர்க்கு ஆபத்து என்று போட்டியாளர்கள் முறையிட்டனர். அதற்கு விடையாகத்தான் கண்ணாடி வந்தது. செங்கல் பாவிய பாதையில் கார் அதிர்ந்த அதிர்வில் அக்கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் பின்னாளில் கூறியதாகச் சொல்வர். அது எவ்வாறாயினும், ஆளுக்கு ஈடாகக் கண்ணாடி என்ற கணக்கை அன்றே தொடங்கிவிட்டார்கள்.

நம் பங்கில் ஓடும் அம்பாசிடர் 1984-இல் பதிவானது. முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குச் சென்று பதிவைப் புதுப்பித்துக்கொண்டு இன்றளவும் உழைக்கிறது. அதை ஓட்டுபவருக்கு வயது அறுபத்தெட்டு. ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றழைக்கும். நாமும் அவ்வாறே அழைக்கிறோம். இந்தக் காரில் இடப்பக்கக் கண்ணாடியாகப் பணியாற்றியவர் நாமே. முன்னிருக்கையில் அமர்ந்துவிட்டால் செபப்புத்தகத்தையோ செய்தித்தாளையோ விரிப்பதற்கில்லை. திருப்பம் நெருங்கியதும் "சாமி, இடது?" என்பார். நாம் தலையைத் திருப்பிப் பார்த்து, "போகலாம், அண்ணாச்சி" என்போம். பத்தாண்டுகளாக இந்த உரையாடல் ஒரு சொல்லும் மாறாமல் நடந்து வந்தது. இடப்பக்கமும் ஒரு கண்ணாடி வைத்தால் என்ன என்று நாம் ஒருமுறை கேட்டபோது, "சாமி இருக்கும்போது அந்தப் பக்கம் எனக்கென்ன கவலை?" என்று சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தக் கார் நமக்காக மட்டும் ஓடுவதன்று. வாரம் இருமுறை டயாலிசிசுக்குச் செல்ல வேண்டிய நோயாளிகளை நகரத்து மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவதும், திரும்ப அழைத்து வருவதுமே அதன் முதன்மையான வேலை. அப்போது முன்னிருக்கை காலியாக இருக்கும். அல்லது களைத்து உறங்கும் ஒருவர் அதில் சாய்ந்திருப்பார். சாலையும் பழைய சாலையாக இல்லை. வலப்புறம் லாரிகளும் பேருந்துகளும் நெருக்க, பால்கேன் கட்டிய மோட்டார் சைக்கிள்காரர், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் பிள்ளைகள், மீன்கூடை வைத்த மொபெட் ஆகிய எல்லாரும் நமக்கு இடப்புறம் மிஞ்சும் மூன்றடி அகலத்தில்தான் போகிறார்கள். எளியவர்கள் செல்லும் பக்கம் அது. பழைய கார் பார்க்க மறந்த பக்கமும் அதுதான்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, நோயாளியை விட்டுவிட்டுத் தனியே திரும்பிய அண்ணாச்சி, நம் ஊர் விலக்கில் இடப்பக்கம் திரும்பினார். திரும்புவதற்கான விளக்கைப் போட்டிருந்தார். உள்ளே இருக்கும் கண்ணாடியையும் வலக் கண்ணாடியையும் பார்த்திருந்தார். பள்ளியிலிருந்து மிதிவண்டியில் வந்துகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அவ்விரண்டிலும் படாத இடத்தில் இருந்தாள். காரின் பின்கதவு அவளது கைப்பிடியில் உரசியது. மணலில் விழுந்தாள், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. அவளை மருத்துவரிடம் காட்டி, மிதிவண்டியைச் செப்பனிட்டு வீட்டில் சேர்த்தபின், அண்ணாச்சி கார்ச் சாவியைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். "போதும் சாமி. அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகியிருந்தா, எந்த முகத்தோட நான் அந்தத் தெருவுல நடக்குறது?"

ஊரிலும் பேச்சு எழுந்தது. வயதாகிவிட்டது, ஓய்வு கொடுத்துவிடலாம் என்றனர் சிலர். காரையே விற்றுவிடலாம் என்றனர் வேறு சிலர். குற்றம் யாருடையது என்று பேசுவதற்குமுன் அந்த இருக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதானே முறை? கோயில் மைதானத்தில் காரை நிறுத்தி, அண்ணாச்சியை ஓட்டும் இருக்கையில் அமர்த்தி, மிதிவண்டியோடு ஒரு பையனைக் காரின் இடப்புறமாக மெல்ல நடக்கவிட்டோம். பின்சக்கரம் தொடங்கி முன்கதவு வரையில் அப்பையன் அவர் பார்வைக்கு அறவே இல்லை. பின்புறத் தூணின் அகலமும் பின்சன்னலின் குறுக்கமும் அவனை முழுமையாக விழுங்கிவிட்டன. பிறகு அவ்விருக்கையில் நாம் அமர்ந்து பார்த்தோம். உடலையே திருப்பி எட்டிப் பார்த்தாலன்றி நமக்கும் தெரியவில்லை. கண்புரை அறுவை செய்துகொண்ட அண்ணாச்சியின் கண்கள் தெளிவாயிருப்பதாக மருத்துவர் உறுதி கூறினார். அவருக்கு வராதது கழுத்து. காருக்கு இல்லாதது கண்ணாடி. கழுத்துக்கு வைத்தியம் அரிது, கண்ணாடி கடையில் கிடைக்கிறது.

இவ்வளவு எளிதான செய்திக்கும் எதிர்ப்பு வந்ததுதான் வியப்பு. பழைய கார்களில் ஆர்வமுடைய அன்பர் ஒருவர், "ஒரிஜினலாக இருக்கும் கதவில் துளை போடுவது பாவம்" என்றார். பாவம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாகச் செலவிடலாகாது என்று அவரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டோம். ஏனெனில் அவருடைய கவலையிலும் பொருள் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகத் தனி வரிசையில் பதிவுசெய்ய நடுவண் அரசு 2021-இல் விதி வகுத்தது. உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யாதவையாக அவை இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுத் துளைகளை எவரும் பெருமாற்றம் என்று கொள்ளமாட்டார் என்பது நம் எண்ணம். ஆயினும் தகரத்தில் போட்ட துளையை மீண்டும் அடைப்பது எளிதன்று. ஈரம் புகுந்தால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். கண்காட்சியில் நிற்கும் காருக்கு அவர் சொன்னது சரியே. நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடும் காருக்கு அது பொருந்தாது.

துளையில்லாமல் கதவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கண்ணாடிகளும் உண்டு. ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்தோம். நம் ஊர்ச் சாலையில் நான்கு கிலோமீட்டர் போவதற்குள் அது தலைகவிழ்ந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாரூனின் நினைவு வந்தது.

பின்னர் மட்கார்டா, கதவா என்ற கேள்வி. முன்னே மட்கார்டின்மேல் வைத்தால் முன்கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். அருகில் அமர்ந்தவர் மறைக்கமாட்டார். ஆனால் தொலைவில் இருப்பதால் உருவம் மிகச் சிறிதாகிவிடும். கதவில் வைத்தால் உருவம் பெரிது. ஆயினும் சற்றே பின்தள்ளி வைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் மார்பும் தோளும் அதை மறைக்கும். பட்டறைக்காரர் அறிவாளி. துளைபோடும் கருவியைக் கையில் எடுக்குமுன் அண்ணாச்சியை இருக்கையில் அமர்த்தினார். பக்கத்தில் நம்மை அமர்த்தினார். ஓர் உதவியாளன் வெளியே நின்று கண்ணாடியைக் கதவின்மேல் வைத்து, முன்னும் பின்னும் விரற்கடை விரற்கடையாக நகர்த்தினான். முன்கதவின் முக்கோணச் சன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் "அங்கேயே நில்லு" என்றார் அண்ணாச்சி. கதவை முழுக்கத் திறந்து, கண்ணாடியின் கை மட்கார்டில் இடிக்கவில்லை என்று கண்டபின், உட்புறத்து அட்டையைக் கழற்றி, சன்னல் கண்ணாடி இறங்கும் வழியில் போல்ட்டு குறுக்கிடாது என்பதையும் உறுதிசெய்துகொண்டார். அதன்பிறகே பஞ்சால் தட்டிக் குறியிட்டு, முதலில் சிறிய துளை, பின்பு பெரியது. விளிம்பை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் வெளியே ரப்பர் அட்டை, உள்ளே கையகலத் தகடு ஒன்று. மெல்லிய கதவுத் தகரம் காலப்போக்கில் நெளியாதிருக்க அந்தத் தகடு வேண்டும் என்றார்.

கண்ணாடியின் வகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பது தட்டைக் கண்ணாடி. தொலைவை உள்ளபடியே காட்டும், ஆனால் குறுகலாகக் காட்டும். இடப்பக்கத்துக்குக் குவிந்த கண்ணாடியைத் தேர்ந்தோம். அது அகலமாகக் காட்டும். ஆனால் உருவங்களைச் சிறிதாக்கிக் காட்டுவதால், அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றுவர். பொருள்கள் தோற்றத்தைவிட அருகில் உள்ளன என்று இத்தகைய கண்ணாடியில் எழுதியே விற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். அண்ணாச்சி முதல் வாரம் தடுமாறினார். "எவ்வளவு தூரம்னு உள்கண்ணாடியைக் கேக்கணும், யாராவது இருக்காங்களான்னு மட்டும் இதைக் கேக்கணும்" என்று தாமாகவே ஒரு வழியும் கண்டுகொண்டார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எங்கும் கேட்டதில்லை.

மீண்டும் அதே பையனை மிதிவண்டியோடு நடக்கவிட்டோம். பின்சக்கரத்துக்குப் பின்னாலிருந்தே அவன் கண்ணாடியில் தெரிந்தான், உடன் வந்தான், முன்கதவின் கைப்பிடி அருகே ஓரடி தூரம் மட்டும் மறைந்து, பிறகு சன்னலில் நேராகத் தோன்றினான். அந்த ஓரடிக்கு எந்தக் கண்ணாடியும் எட்டாது. ஆதலால் திருப்பங்களில் காரை அறவே மெதுவாக்கி, ஒலி எழுப்பி, ஒரு கணம் பொறுத்துத் திரும்புவதென்று அண்ணாச்சி முடிவு செய்துகொண்டார். சாவி நம் மேசையிலிருந்து அவருடைய சட்டைப் பைக்குத் திரும்பியது. கண்ணாடி வந்தபின் முதன்முதலாகக் காரின் அருகே நின்று அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டவள் விழுந்த அந்த மாணவிதான் என்று சொன்னார்கள், நாம் பார்க்கவில்லை.

இந்தப் பழைய காரில் இடப்பக்கக் கண்ணாடியை உள்ளிருந்தே திருப்பும் விசை எதுவும் இல்லை. ஓட்டுநரின் கை அதுவரை எட்டாது. மைதானத்தில் பந்து விளையாடும் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறையேனும் அதைத் தட்டிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் அண்ணாச்சி இருக்கையில் அமர்ந்துகொண்டு நம்மை அழைக்கிறார். நாம் இடக்கதவின் அருகே நின்று இரு கைகளாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறோம். "கொஞ்சம் உள்ளே, சாமி... இன்னும் கீழே... கை மறைக்குது, எடுங்க" என்கிறார். எடுக்கிறோம். "சரி, ரோடு தெரியுது" என்கிறார்.