பழங்கணனிப் பித்து

உலகிலே ஏதாவதொரு பித்துப் பிடியாத மனிதர் மிகச் சிலரே. ஒருவருக்குத் தபால் முத்திரை, மற்றொருவருக்கு வழக்கொழிந்த நாணயம், இன்னொருவருக்குப் பூச்செடி. எமக்கு வாய்த்த பித்துச் சற்று விசித்திரமானது. வீட்டிலே இடத்தையும் அதிகம் அடைப்பது. ஊரார் கழித்துவிடும் பழைய கணனிகளை நாம் தேடிக் கொண்டுவந்து சேர்க்கின்றோம். சேர்ப்பதோடு நில்லாது, அவற்றுக்கு மின்சாரம் ஊட்டி வேலையும் வாங்குகின்றோம்.

ருவான்வெல்லையிலே, இறப்பர் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு சரிவின் அடியிலே எமது சிறிய இல்லம் இருக்கின்றது. கல்லூரியிலே கற்பிக்கும் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அதன் பின்னறையிலேயே கழிகின்றது. அங்கே ஒன்பது கணனிகளும், காசு போட்டு விளையாடும் இயந்திரம் ஒன்றும் குடியிருக்கின்றன. போத்தலும் பழம்பேப்பரும் வாங்க வரும் வியாபாரி ஏனைய வீடுகளிலே பொருள் வாங்குவார். எமது வீட்டிலே மட்டும் விற்றுவிட்டுப் போவார். "பழைய சாமான் விற்றுக் காசு சேர்த்தவர்களைப் பார்த்திருக்கின்றேன், காசு கொடுத்துப் பழைய சாமான் சேர்ப்பவரை இந்த வீட்டிலேதான் பார்க்கின்றேன்" என்று எமது இல்லத்தரசி அவரிடம் கூறுவதுண்டு. அதிலே உண்மை இருப்பதால் நாம் மறுமொழி பகர்வதில்லை.

எமது கணனிகளுள் மூத்தது 'செட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்பது. கிளைவ் சின்கிளேயர் என்பாரின் நிறுவனம் இங்கிலாந்திலே 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி அதனை வெளியிட்டது. நடுத்தரக் குடும்பமும் வாங்கத்தக்கதாக விலை 125 பவுண். நினைவகம் கூடியதற்கு 175 பவுண். பருமனிலே ஒரு பாடப்புத்தகத்தை ஒக்கும். தனக்கெனத் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதன் திரை. அதன் விசைகளோ இறப்பரினால் ஆனவை. விடியுமுன் பால் வெட்டப் புறப்படும் மக்கள் வாழும் ஊருக்கு அது வந்து சேர்ந்தது பொருத்தமே என்று நாம் எண்ணி மகிழ்வதுண்டு.

இக்கணனிக்கு ஒரு விளையாட்டையோ கணக்கையோ கற்பிக்க வேண்டுமானால், பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவியை அதனோடு இணைத்து நாடாவை ஓடவிடல் வேண்டும். சில்வண்டும் தவளையும் சேர்ந்து கத்துவது போன்ற ஓசை எழும். திரையின் ஓரங்களிலே வண்ணக் கோடுகள் நெளியும். ஏறக்குறைய ஐந்து நிமிடம் அவ்வாறு ஓடிய பின்னரே காரியம் கைகூடும். இடையிலே நாடா சற்று இழுபட்டாலும் பிழை என்று அறிவித்து நின்றுவிடும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். எம்மிடம் பயிலும் மாணவர்கள் சனிக்கிழமைகளிலே வந்து இதனை வியப்போடு பார்ப்பார்கள். அதன் நினைவகம் 48 கிலோபைற். இன்று கைத்தொலைபேசியிற் பிடிக்கும் ஒரு படம் மூன்று மெகாபைற் என்று வைத்துக்கொண்டால், இத்தகைய 64 கணனிகளின் நினைவகத்தை ஒன்றுசேர்த்தால்தான் அந்த ஒரு படத்துக்கு இடம் போதும். இத்துணைச் சிறிய இடத்திலே சதுரங்கம் ஆடவும் கணக்குப் போடவும் நிரல் எழுதியவர்கள் எவ்வளவு சிக்கனக்காரர்களாக இருந்திருத்தல் வேண்டும் என்பதை மாணவர்கள் தாமாகவே உணர்ந்துகொள்கின்றனர்.

விளையாட்டு இயந்திரத்தின் வரலாறும் சுவையானது. கொழும்பிலே மூடப்பட்ட ஒரு பொழுதுபோக்கு நிலையத்தின் பின்கட்டிலே, கறையான் அரித்த நிலையிலே அது கிடந்தது. லொறிக்காரர் ஒருவருடைய தயவினாலே ருவான்வெல்லை வந்து சேர்ந்தது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் அவ்விளையாட்டை ஜப்பானியராகிய தொமோஹிரோ நிஷிகாடோ 1978ஆம் ஆண்டிலே டைட்டோ நிறுவனத்துக்காக ஆக்கினார். வேற்றுலகப் பகைவர் ஐம்பத்தைவர் வரிசையாக இறங்கி வருவர். நாம் கீழிருந்து சுட்டு வீழ்த்துதல் வேண்டும். பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியோரின் வேகம் கூடிக்கொண்டே போகும். இதற்குக் காரணம் வேடிக்கையானது. அக்காலத்து இயந்திரத்தின் மூளை, ஒருமுறைக்கு ஒரு பகைவனாகத்தான் நகர்த்தி வரைய வல்லது. ஐம்பத்தைவரையும் நகர்த்த நேரம் பிடிக்கும். ஐவர் மட்டும் எஞ்சினால் விரைவிலே ஒரு சுற்று முடிந்துவிடும். இயந்திரத்தின் இயலாமையே விளையாட்டின் விறுவிறுப்பாயிற்று. இதனை மாணவர்க்கு எடுத்துச் சொன்ன நாளிலே, அதுவரை கணிதத்திலே நாட்டமில்லாதிருந்த ஒரு பையன் கொப்பியை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினான்.

நிற்க. இவற்றைப் பேணுவது எளிதான காரியமன்று. எமது பகுதியிலே ஆண்டின் பெரும்பாகம் மழை. களனி கங்கைப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றுக்கு இரும்பும் செம்பும் தப்புவதில்லை. நாடாக்களிலும் தட்டுக்களிலும் பூஞ்சணம் படர்கின்றது. சுற்றுப்பலகையிலே பொருத்தப்பட்ட சிறு மின்கலம் காலப்போக்கிலே கசிந்து, மயிரிழை போன்ற செம்புக் கோடுகளைத் தின்றுவிடுகின்றது. கொள்ளளவிகள் வரண்டு போகின்றன. ஒலிநாடாக் கருவியைச் சுழற்றும் இறப்பர்ப் பட்டி இளகிப் பசையாகின்றது. ஆதலால் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் குறித்து, ஒவ்வோர் இயந்திரத்தையும் இயக்கிப் பார்க்கின்றோம். இயக்கும்போதுதான் எது நலிந்தது, எது உலர்ந்தது என்பது தெரியவரும். தேய்மானம் உண்டு என்பது மெய்யே. ஆயினும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கணனி உள்ளே அழுகிக்கொண்டிருப்பதை எவரும் அறியார்.

இத்தகைய கணனிகளுக்கும் எமது பள்ளத்தாக்குக்கும் பழைய உறவொன்று உண்டு. புகழ்பெற்ற விஞ்ஞானக் கதாசிரியர் ஆதர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையிலே வாழ்ந்து, 2008ஆம் ஆண்டிலே கொழும்பிலே காலமானவர். 1982ஆம் ஆண்டிலே வெளிவந்த தமது '2010' என்னும் நாவலை அவர் 'ஆர்க்கைவ்ஸ் மூன்று' என்னும் கணனியிலே, 'வேர்ட்ஸ்டார்' என்னும் நிரலைக் கொண்டு எழுதினார். நாவல் முழுவதும் ஒரேயொரு நெகிழ்வட்டிலே அடங்கி, கொழும்பிலிருந்து நியூயோர்க் சென்றது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்தின் ஊடாகச் செய்மதி வழியே சென்றன. பாதுக்கை வேறெங்கோ உள்ள ஊரன்று. கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வரும் களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையிலே உள்ள ஊர்தான். பின்னர் அந்நாவல் திரைப்படமானபோது, நெறியாளர் பீற்றர் ஹையம்சும் கிளார்க்கும் 'கேப்ரோ' கணனிகளின் மூலம் கடல் கடந்து மடல் பரிமாறினர்; அம்மடல்கள் தனி நூலாகவும் வெளிவந்தன. பன்னிரண்டு கிலோ அளவு எடையுள்ள உலோகப் பெட்டியாகிய அந்தக் கேப்ரோவைத் தூக்கிச் செல்லத்தக்கது என்று விளம்பரம் செய்தார்கள்! கிளார்க்கின் நாவல் அச்சேறியதனால் நிலைத்தது. அச்சேறாது தட்டிலேயே தங்கிய எழுத்துக்களின் கதி யாது?

"சேர், இந்த விளையாட்டையெல்லாம் போனிலேயே விளையாடலாமே; பழைய பெட்டி எதற்கு?" என்று ஒரு மாணவி எம்மைக் கேட்டாள். நியாயமான கேள்வி. பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் நிரல்கள் இன்று பல உண்டு. விளையாட்டு இயந்திரங்களுக்கென்றே 'மேம்' என்னும் நிரல் 1997ஆம் ஆண்டு முதல் வழங்கிவருகின்றது. நாமும் அவற்றைப் பயன்படுத்துகின்றோம். ஆனால் அந்நிரல்களுக்கு உணவு வேண்டும். பழைய தட்டிலுள்ளதை முதலிலே எவரேனும் வாசித்து எடுத்துக் கொடுத்தாலன்றோ அவை நடிக்க முடியும்? கைத்தொலைபேசிக்குள்ளே நெகிழ்வட்டை நுழைக்கும் வழி கிடையாது.

இங்கிலாந்து நாட்டவர் இதனை அனுபவத்திலே கண்டவர்கள். முதலாம் வில்லியம் மன்னன் 1086ஆம் ஆண்டிலே தன் நாட்டின் நிலபுலங்களைக் கணக்கெடுத்துத் தோற்சுவடியிலே எழுதுவித்தான். அதன் 900ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 1986ஆம் ஆண்டிலே பி.பி.சி. நிறுவனத்தார் பள்ளிப்பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு ஊர் விபரங்களைத் திரட்டி, லேசர் தட்டுக்களிலே பதித்தனர். பதினைந்து ஆண்டுகள் சென்றதும் அத்தட்டுக்களை வாசிக்கவல்ல கருவிகள் அருகிவிட்டன. மன்னனின் தோற்சுவடியை அப்பொழுதும் படிக்க முடிந்தது. பிள்ளைகள் எழுதியதைப் படிப்பதுதான் அரிதாயிற்று. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2002ஆம் ஆண்டளவிலே அதனை மீட்டதற்கு, இயங்கும் நிலையிலே எஞ்சியிருந்த பழைய கருவிகளே கைகொடுத்தன.

இனி, எமது ஊரிலே நிகழ்ந்ததைச் சொல்லுவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டக் காரியாலயத்திலே இலிகிதராயிருந்து காலஞ்சென்ற ஒருவரின் மனைவியார், தம் பேரனோடு எமது இல்லத்துக்கு வந்தார். பிஸ்கற் தகரம் ஒன்றிலே ஐந்து நெகிழ்வட்டுக்கள் இருந்தன. "சேர், அவரு ராத்திரியெல்லாம் குந்தி டைப் பண்ணினது இதுக்குள்ளதாங்க இருக்கு. கொழும்பில கடைக்குக் கொண்டு போனோம். இதைப் போடுற மெசினே இல்லைன்னுட்டாங்க" என்றார்.

தட்டுக்களிலே பூஞ்சணம் வெண்புள்ளிகளாகப் பூத்திருந்தது. அப்படியே இயந்திரத்தில் இட்டால் தட்டும் கெடும். வாசிக்கும் முனையும் கெடும். மூன்று இரவுகள் இருந்து, மதுசாரம் தோய்த்த மென்றுணியினாலே தட்டுக்களைச் சிறுகச் சிறுகச் சுழற்றித் துடைத்தோம். நான்கு தட்டுக்கள் வாய் திறந்தன. ஐந்தாவது இன்றுவரை திறக்கவில்லை. அதிலிருந்தவற்றை இன்றைய கணனி ஒன்றிலே பேரன் திறந்து பார்த்தபோது வெறும் ஆங்கில எழுத்துக்களே தெரிந்தன. ஏனெனில் அவை, இலங்கையிலே முன்னர் பெரிதும் வழங்கிய 'பாமினி' எழுத்துருவிலே எழுதப்பட்டவை. பாமினியிலே 'அம்மா' என்று எழுதியதை, அந்த எழுத்துரு இல்லாத கணனி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று காட்டும். எமது பழைய 'விண்டோஸ் 98' கணனியிலே திறந்தோம். தமிழ் தமிழாகவே வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'உ' என்று பிள்ளையார் சுழி இருந்தது. "கடிதம் எழுதினாலும் கணக்கு எழுதினாலும் அவரு இதைப் போடாம ஆரம்பிக்க மாட்டாருங்க. இது அவரு எழுத்துத்தான்" என்றார் அந்த அம்மையார்.

அவர் எழுதி வைத்திருந்தது யாதெனில், அத்தோட்டத்து லயங்களிலே வாழ்ந்த குடும்பங்களின் வரலாறு. எந்த லயம், எந்தக் காம்பரா, முன்னோர் தமிழ்நாட்டிலே எந்த ஊர், பிள்ளைகள் பிறந்த நாள், 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இந்தியா சென்றவர் யார் யார் என்று ஒழுங்காகக் குறித்திருந்தார். எமது மக்களுக்கு இத்தகைய குறிப்பின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிலே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலேயே மாண்டவர்களிடம் கடதாசி ஏது? அதனால் பல லட்சம் பேர் நாடற்றவராயினர். அவ்வுரிமை பின்னர் கிடைத்துவிட்டதெனினும், கடதாசி இல்லாத துன்பம் இன்னும் சிலரை விட்டபாடில்லை. இலிகிதரின் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தபின், அறுபது வயது கடந்த பெண் ஒருவர் தாம் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் முதன்முறையாக அறிந்தார். தம் பெயர் பதிவிலே வேறு எழுத்துக்கூட்டலிலே இருப்பதையும் அதிலேயே கண்டார். அதனைக் கொண்டு பதிவேட்டிலே தேடச் செய்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பெற்றுக்கொண்டார்.

அன்று முதல் எமது இல்லத்தரசியார் பின்னறையைப் பற்றிக் குறை கூறுவதில்லை; மழைக்காலத்திலே அறைக்குள் அடுப்புக்கரிச் சட்டி வைத்து ஈரத்தை உறிஞ்சச் செய்யும் உபாயமும் அவருடையதே.

எமது முன்னோர் ஏட்டுச்சுவடிகளை எவ்வாறு காத்தனர் என்பதை இங்கே நினைத்தல் தகும். ஓலைக்கும் ஆயுள் உண்டு. ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டிலே பெயர்த்து எழுதினர். சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததென்றால், அவருக்கு முன்னே முகம் தெரியாத எத்தனையோ பேர் அதனை ஓதியும் பெயர்த்தெழுதியும் வந்தமையே காரணம். எவரும் அவிழ்க்காத கட்டு செல்லுக்கு இரையாயிற்று. நெகிழ்வட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் அந்த விதியே. அவற்றின் ஆயுளோ ஓலையின் ஆயுளிலும் மிகக் குறைவு.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலுமாரியிலோ பரணிலோ பழைய தட்டோ நாடாவோ இருக்குமானால், அதிலே என்ன இருக்கின்றதென்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மேலே பேனையினால் எழுதி வையுங்கள். ஈரம் படாத இடத்திலே வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னதாக, பழைய இயந்திரம் வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப் புதிய தட்டிலே பெயர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமானதைக் கடதாசியிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அத்தகையவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அயலார் அவரைப் பித்தர் என்றே சொல்லுவர். அதனாற் கண்டுபிடிப்பது சுலபம்.